ரெண்டு எட்டு தள்ளி நட்ட கல்

போன செவ்வாய்க்கிழமை ஒரு கல்லைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

பாம்பைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். போலீஸைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். ‘உங்ககிட்ட ஒண்ணு பேசணும்’ என்று என் சம்சாரம் செல்வி ஆரம்பித்தால் இன்றைக்கும் பயப்படுகிறேன். ஆனால் ஒரு கல்லு... முழங்கால் உயரக் கல்லு... அதுவும் நானே மஞ்சள் தடவி, நானே குங்குமம் வைத்த கல்லு. அது என்னைப் பார்த்து, ‘வசமா மாட்டுனியாடா’ என்று சிரிக்கிற மாதிரி இருந்தது.

கல்லுக்குப் பக்கத்தில் டேப்போடு சர்வேயர் மேடம். அவருக்கு எதிரே, காபி டம்ளரை நீட்டியபடி மீனாக்கா. டம்ளர் சாய்ந்து காபி தரையில் சிந்துவதைக்கூட அக்கா கவனிக்கவில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நான்.

என்ன நடந்தது? ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் என்னை எவ்வளவு திட்டலாம் என்று உங்களுக்குத் தெரியும்.

வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். அஞ்சாம் வகுப்பை ரெண்டு தடவை படித்துவிட்டு, அதுக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராது என்று கௌரவமாகப் பிரிந்து வந்தவன். லோடு வண்டி ஓட்டுகிறேன். இந்தப் பத்தியைக்கூட நான் எழுதுவதில்லை. போனைப் பார்த்துப் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. தப்பு இருந்தால் அதைக் கேளுங்கள்.

எங்கள் வீடு காரைக்குடியிலிருந்து கோவிலூர் போகிற வழியில் ஒரு திருப்பத்தில் இருக்கிறது. வாசலில் இறங்கினால் ரோடு. ரோட்டைத் தாண்டினால் ஒரு காலி இடம். காலி இடத்துக்கு அந்தப் பக்கம், அதை ஒட்டியே, மீனாக்கா வீட்டு அடுப்படிச் சுவர்.

அந்தக் காலி இடத்துக்கு ரெக்கார்டில் பேர் புறம்போக்கு. எனக்கும் அதே பேர்தான். நாலாம் வகுப்பு வாத்தியார் வைத்தார், எங்கப்பா அதை வழிமொழிந்தார், கல்யாணத்துக்கு அப்புறம் செல்வி மாசாமாசம் ரெனியூவல் செய்கிறாள். தெருவில் என்னை அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் மீனாக்காதான். வாய் நிறைய ‘தம்பி’ என்பார்.

மீனாக்கா வீட்டுக்காரர் இறந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது. தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம் என்று பலகாரமெல்லாம் ஆர்டருக்குச் செய்துகொடுத்துத்தான் அக்கா நிற்கிறார். கல்யாண வீடுகளுக்குப் போகும். பிள்ளையார்பட்டியில் ஒரு கடைக்கும் போகும். அந்த அடுப்படிதான் அவருக்குக் கடை, ஃபேக்டரி, பொழைப்பு எல்லாமே. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை, அதுதான் கதை.

காலி இடம் என்றால் சும்மா காலி இல்லை. பாதி சீமைக்கருவேல முள்ளு, பாதி குப்பை. அந்தக் குப்பையில் கால்வாசி நான் கொட்டியது. கல்யாண மண்டபங்களுக்கு நாற்காலி, சாமியானா, பாத்திரம் ஏற்றுகிறவன் நான். எல்லாம் முடிந்ததும் பாக்குமட்டைத் தட்டையும் பேப்பர் கப்பையும் மூட்டையாகக் கட்டி, “எங்கயாச்சும் போட்டுருப்பா” என்பார்கள். எங்கேயாவது என்றால் எங்கே? என் வீட்டுக்கு எதிரேதான்! எவ்வளவு புத்திசாலி பாருங்கள்.

போன ஆவணியில் ஒரு மண்டபத்தில் மூட்டையோடு மூட்டையாகப் பதினோரு செடிகளும் சேர்ந்து வந்தன.

இப்போது கல்யாணங்களில் தாம்பூலப் பையோடு ஒரு செடி கொடுக்கிறார்களே, கவனித்திருப்பீர்கள். நல்ல பழக்கம். ஆனால் நம் ஆள் என்ன செய்கிறார்? தேங்காயைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு, செடியை நாற்காலிக்கு அடியில் நைஸாகத் தள்ளிவிட்டு பஸ் ஏறிவிடுகிறார். ஒவ்வொரு செடியிலும் மாப்பிள்ளை பேரும் பொண்ணு பேரும் போட்ட லேபிள் தொங்குகிறது. காலையில் அட்சதை போட்ட ஜோடியை மத்தியானம் குப்பையில் போடுவதா? எனக்குக் கை வரவில்லை.

அதனால் நட்டேன். அடுத்த மண்டபத்தில் ஒன்பது. நட்டேன். அப்படியே பழகிவிட்டது.

ஆனால் புறம்போக்கில் செடி வைப்பது லேசான காரியம் என்றா நினைக்கிறீர்கள்? நம் ஊரில் ஒருத்தன் புறம்போக்கில் ஒரு செடி வைத்தால், அடுத்தது வேலி, அதுக்கு அடுத்தது கொட்டகை, அதுக்கு அடுத்தது பட்டா என்றுதான் அர்த்தம். ‘இடத்தை வளைக்கப் பாக்குறான்’ என்று ஒரே நாளில் பேர் வந்துவிடும். அதனால் யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டும். எப்போது? மத்தியானம் ரெண்டு மணிக்கு. காரைக்குடி வெயிலில் அந்த நேரத்துக்கு ரோட்டில் நாய்கூட நடக்காது.

ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். பக்கத்துத் தெரு பெரியவர் குடையோடு வந்து நின்றுவிட்டார்.

“இங்க என்னப்பா குனிஞ்சு பாக்குற?”

“பூனையைக் காணோம், அதான் தேடுறேன்.”

“உங்க வீட்டுல ஏதுப்பா பூனை?”

“அதான் காணோமே!”

தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். என்னைப் பற்றி ஊரில் இருக்கிற அபிப்பிராயம் சில நேரம் உபயோகமாகத்தான் இருக்கிறது.

மீனாக்காவுக்கு மட்டும் தெரியும். அடுப்படி ஜன்னல் அந்த இடத்தைப் பார்த்துத்தானே இருக்கிறது. “வெயில்ல வேகாத தம்பி, தண்ணி நான் ஊத்துறேன்” என்றார். பலகார வேலைக்கு தினமும் பச்சரிசி களைவார். அந்தத் தண்ணீரைப் பக்கெட் பக்கெட்டாகச் செடிகளுக்கு ஊற்றினார். தை, மாசி, பங்குனி... ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. செடிகளுக்கு நாங்கள் லேபிளில் இருக்கிற பேரையே வைத்துவிட்டோம். ஒரு நாள் வெளியூர் லோடில் இருந்து அக்காவுக்குப் போன் போட்டு, “திவ்யா எப்புடி இருக்காக்கா? தண்ணி குடிச்சாளா? ரொம்ப வாடிப் போயிருந்தா, மனசே கேக்கல” என்றேன். போனை எடுத்தது செல்வி. அக்கா வீட்டுக்கு மாவு வாங்கப் போயிருக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, திவ்யா என்பது புங்கங்கன்று என்று நிரூபிப்பதற்குள்... விடுங்கள்.

அந்த ‘கார்த்திக் – திவ்யா’ புங்கைதான் என் முதல் செடி. ரோட்டோரம், மூலையில் வைக்கலாம் என்று நினைத்தேன். வளர்ந்தால் நிழல் விழும், குப்பை கொட்டுகிறவன் வெட்கப்படுவான். ஆனால் சரியாக அந்த இடத்தில் ஒரு கல்லு நின்றது. கடப்பாரையைப் போட்டு நெம்பினேன். ஆழமாக இறங்கியிருந்தது. தலையில் அம்புக்குறி மாதிரி ஏதோ வெட்டியிருந்தது. நான் படித்த அஞ்சாம் வகுப்பில் அம்புக்குறிப் பாடம் இல்லை. யாரோ எப்போதோ மாடு கட்டின கல்லு என்று முடிவு செய்தேன்.

குழியில் புங்கையை வைத்தேன். கல்லை வீசவும் மனசில்லை. ரெண்டு எட்டு உள்ளே தள்ளி, இன்னொரு குழி தோண்டி நட்டுவைத்தேன். களைத்தால் உட்காரலாமே!

அப்படியும் பைக்கில் வருகிறவர்கள் கேரி பேக்கை வீசிவிட்டுப் போவது நிற்கவில்லை. சுவரோரம் ஒதுங்குகிறவர்களும் நிற்கவில்லை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும்போதெல்லாம் யாருக்காவது ஆபத்து.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், செல்வியின் டப்பாவிலிருந்து மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்து வந்து கல்லுக்குப் பூசினேன். செவ்வரளிப் பூ ஒன்றையும் தலையில் வைத்தேன். அவ்வளவுதான்! மறுநாளிலிருந்து குப்பை வரவில்லை. ஒதுங்குகிறவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். பைக்கில் போகிறவர்கள் ஒரு கையை விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். மூணு ரூபாய் மஞ்சளில் இத்தனை பேரைத் திருத்திவிட்டேனே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மீனாக்கா அந்தக் கல்லுக்கு எண்ணெய்க் காப்புப் போட்டு விளக்கேற்றினார்.

“தம்பி, ஒனக்கு எப்புடிய்யா தெரிஞ்சுச்சு இங்க சாமி இருக்குன்னு?”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ‘அக்கா, சாமியும் இல்லை பூதமும் இல்லை, நான் பண்ணின சேட்டை’ என்று ஒரே வரி. ஏன் சொல்லவில்லை? சாமி கும்பிட வருகிற கையோடு செடிக்கும் ஒரு பக்கெட் கூடுதலாக ஊற்றினார். எனக்குத் தண்ணீர் மிச்சம். “தானா தெரிஞ்சுச்சுக்கா” என்றேன்.

ஏழு மாசமாக அக்கா அந்தக் கல்லிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டுக்கொண்டிருந்தார். வீடு இன்னும் மாமனார் பேரில் இருக்கிறது. பட்டா தன் பேருக்கு மாற வேண்டும். இ-சேவை மையத்தில் மனுப் போட்டுவிட்டு வந்து, ரசீதைக் கல்லுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டதை நானே பார்த்தேன். பார்த்துவிட்டுச் செடிக்குக் களை பிடுங்கினேன்.

அந்த மனுவுக்காகத்தான் செவ்வாய்க்கிழமை சர்வேயர் மேடம் வந்தார். வெளியூர்க்காரர், சின்ன வயசு. கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்! பிறகு குனிந்து, கல்லின் தலையில் இருந்த மஞ்சளைப் பேனாவால் சுரண்டினார்.

“இது சர்வே கல்லாச்சேம்மா. இதுக்கு யாரு பூசை பண்றது?”

“நாந்தான் மேடம். சக்தி உள்ள கல்லு” என்றார் மீனாக்கா, பெருமையாக.

சர்வே கல்! வண்டிக்குப் பின்னால் நான் இன்னும் கீழே குனிந்துகொண்டேன்.

மேடம் வரைபடத்தை விரித்தார். அந்தக் கல்லில் டேப்பைப் பிடித்து, அக்கா வீட்டுச் சுவர் வரைக்கும் போனார். ஒரு தடவை அளந்தார். முகம் மாறியது. இன்னொரு தடவை அளந்தார்.

“அம்மா, ரெக்கார்டுப்படி இந்தக் கல்லுல இருந்து இத்தனை அடி புறம்போக்குன்னு இருக்கு. அப்படிப் பார்த்தா உங்க அடுப்படி அஞ்சடி புறம்போக்குல நிக்குது.”

“எம் மாமனார் கட்டுன வீடு மேடம். அவுக ஒரு சாண் கூட அடுத்தவுக மண்ணுல கை வைக்க மாட்டாக.”

“நான் சொல்லலம்மா, கல்லு சொல்லுது. பின்பக்கம் இன்னொரு கல்லு இருக்கணும். ஒரே முள்ளா இருக்கு. வெள்ளிக்கிழமை வர்றேன். அதுக்குள்ள முள்ளை வெட்டித் தேடி வைங்க. அது கிடைக்கலைன்னா இதை வச்சுத்தான் எழுதணும். ஆக்கிரமிப்புன்னு வந்துரும்.”

போனில் கல்லை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அஞ்சடி. நான் தள்ளி நட்ட ரெண்டு எட்டு. அக்காவின் ரெண்டு அடுப்பும் அந்த அஞ்சடிக்குள்தான் இருக்கின்றன.

செல்வியிடம் சொன்னேன். அவள் அரிவாள்மனையிலிருந்து எழுந்திருக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

“சர்வே கல்லைப் புடுங்குனா கேஸாம்ல? தெரியுமா ஒங்களுக்கு?”

“மாடு கட்டுற கல்லுன்னு நெனச்சேன்டி.”

“மாடு கட்டுற கல்லுக்கு எதுக்கு மஞ்ச பூசுனீக? எம் மஞ்ச டப்பா காலியாகும்போதே நெனச்சேன். நீங்க பவுடர் மாதிரி பூசிக்கிறீகளோன்னு இருந்தேன்.” பிறகு காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, “பாவம்ங்க அந்த அக்கா” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போனிடம் கேட்டுப் பார்த்தேன். “சர்வே கல்லை நகர்த்தினால் என்ன ஆகும்?” அது ‘சர்வ கல்யாணம் நடத்தினால்’ என்று எழுதிக்கொண்டு மண்டபம் மண்டபமாகக் காட்டியது. என் பாவம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்!

புதன்கிழமை, ரெண்டு மணி. கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கல்லைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே நட்டுவிட்டால்? மேடம் போட்டோ எடுத்திருக்கிறாரே... கண்டுபிடித்துவிட்டால்? கண்டுபிடித்தால் அக்கா நட்டதாக நினைத்துவிட்டால்? ரோட்டைத் தாண்டுவதற்குள் மூணு தடவை வீட்டுக்குத் திரும்பினேன்.

கல்லுக்கு முன்னால் மீனாக்கா உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலில்! கற்பூரம் எரிகிறது. “எதை வேணாலும் எடுத்துக்க சாமி. அடுப்படியை மட்டும் விட்டுரு” என்று கல்லோடு பேசிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். என் கையில் கடப்பாரையைப் பார்த்தார்.

“முள்ளு வெட்டவா தம்பி வந்த? நான் கூப்புடக்கூட இல்லையேய்யா...” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கூடப் பொறந்தவன்கூட எட்டிப் பாக்கல. நீ வந்துட்ட.”

பின்பக்கம் போய் சாயங்காலம் விளக்கு வைக்கும் வரைக்கும் முள்ளு வெட்டினேன். கையெல்லாம் கிழிந்தது. கிழியட்டும் என்று இருந்தது. கல்லு கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் அக்கா வீட்டு அடுப்படிக்கே போய்விட்டேன். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா கையில் தேன்குழல் அச்சு. மாவு போட்டு, பிழியத் தயாராக இருந்தார்.

“அக்கா, அந்தக் கல்லு சாமி இல்லக்கா.”

“சும்மா கெட தம்பி, காலங்காத்தால வெளையாடாத.”

“நெசமாக்கா. மாடு கட்டுற கல்லுன்னு நெனச்சு, புங்கங்கன்னு வைக்கிறதுக்காக ரோட்டோரத்துல இருந்து நாந்தான் புடுங்குனேன். ரெண்டு எட்டு உள்ள தள்ளி நாந்தான் நட்டேன். மஞ்சளும் நாந்தான்க்கா. அது செல்வி டப்பா மஞ்ச.”

அக்கா சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“ஏழு மாசம்...” என்றார். “மாடு கட்டுற கல்லுக்கா நான் ஏழு மாசமா வெளக்கு வச்சேன்?”

“மாடு கட்டுற கல்லுகூட இல்லக்கா, அது சர்வே...”

“வெளிய போ.”

எண்ணெய் புகைய ஆரம்பித்திருந்தது. அக்கா பிழியவில்லை, அடுப்பையும் அணைக்கவில்லை. நானே குனிந்து அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அரிசி களைந்த தண்ணீர் வெள்ளையாக அக்கா வீட்டு வாய்க்காலில் ஓடியது. ஜன்னலுக்குக் கீழேயே செடிகள் நிற்கின்றன. ஒரு சொட்டு அந்தப் பக்கம் போகவில்லை. நான் இந்தப் பக்கம் நின்று அந்த வெள்ளைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்துக் கேஸ் போட்டிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

வெள்ளிக்கிழமை. மேடம் வந்து இறங்கியதும் ஓடிப்போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கேஸ், ஜெயில், என்ன வந்தாலும் சரி!

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பக்கத்து வீட்டம்மாவைக் காப்பாத்தப் பொய் சொல்றீங்களா?”

சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள். “அவன் எப்பவும் இப்புடித்தான் மேடம், காமெடி பண்ணுவான்” என்றார் குடைப் பெரியவர். “முந்தி ஒரு தடவை இல்லாத பூனையைத் தேடிக்கிட்டுத் திரிஞ்சான்.”

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு உண்மையைச் சொல்கிறேன், ஒருத்தர்கூட நம்பவில்லை. இத்தனை வருஷம் எல்லோரையும் சிரிக்க வைத்ததுக்கு எனக்குக் கிடைத்த பென்ஷன் அது.

அப்போது அடுப்படி ஜன்னலிலிருந்து குரல் வந்தது. என்னைப் பார்க்காமல், மேடத்தைப் பார்த்து.

“அவன் சொல்றது நெசந்தான் மேடம். இந்த மாதிரி ஒரு பொய்யை யோசிச்சுச் சொல்ற அளவுக்கு அவனுக்கு மூளை கெடையாது.”

மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். “சரி. எத்தனை எட்டு தள்ளி வச்சீங்க?”

“ரெண்டு.”

“நடந்து காட்டுங்க.”

புங்கையிலிருந்து கல்லை நோக்கி எட்டு வைத்தேன். பயத்தில் எட்டு சுருங்கி, ரெண்டு நாலாகிவிட்டது! கூட்டம் மறுபடி சிரித்தது. “எட்டை நம்ப முடியாது. பின்பக்கக் கல்லைத் தேடுங்க” என்றார் மேடம்.

எல்லோரும் தேடினோம். கடைசியில் எங்கே இருந்தது தெரியுமா? பாக்குமட்டைத் தட்டு மேட்டுக்கு அடியில். மேலே இருந்த ஒரு மூட்டையில் இன்னும் என் வண்டிக் கயிறு கட்டியிருந்தது. ஆக, ஒரு கல்லைப் பிடுங்கியது நான். இன்னொரு கல்லைப் புதைத்ததும் நான். அளக்க வந்த அரசாங்கத்தை ரெண்டு பக்கமும் மறித்திருக்கிறேன்!

அந்தக் கல்லிலிருந்து டேப் கிளம்பியது. முள்ளைத் தாண்டி, கொய்யாக்கன்றைத் தாண்டி, நான் மஞ்சள் பூசிய கல்லையும் தாண்டி வந்து, புங்கங்கன்றின் தண்டில் முட்டி நின்றது. மேடம் லேபிளைத் திருப்பி, “கார்த்திக் – திவ்யா” என்று சத்தமாகப் படித்தார்.

“சரியாத்தான் இருக்கு. இந்த இடத்துலதான் கல்லு இருந்திருக்கு. அம்மா, உங்க அடுப்படி உங்க இடத்துலதான் இருக்கு.”

ஜன்னலில் அக்காவைக் காணோம். உள்ளே ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

மேடம் என் பக்கம் திரும்பினார். “இதுக்கு உங்க மேல என்ன வேணா பண்ணலாம், தெரியுமா? செடியை எடுங்க. கல்லை இங்க நடுங்க. என் கண்ணு முன்னாடி.”

சித்திரை வெயிலில் மரக்கன்றைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். என் மார் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. எவ்வளவு மண்ணோடு எடுத்தும் அடியில் ஒரு வேர் ‘பட்’டென்று அறுந்தது. எனக்குப் பல் பிடுங்கின மாதிரி இருந்தது. கல்லைத் தூக்கிப் புங்கை இருந்த குழியில் இறக்கினேன். கல்லு இருந்த குழி காலியாகக் கிடந்தது. மேடம் வேறு பக்கம் பார்க்கிற நேரமாகப் பார்த்து, புங்கையை அதில் நட்டுவிட்டேன்.

பார்க்காமல் இருப்பாரா?

“இங்க இருக்கிற செடியெல்லாம் யாருது?” பேப்பரும் பேனாவுமாகக் கேட்டார். மொத்தத் தெருவும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒரு வரி எழுதினால் போதும்... நாளைக்கே ஜேசிபி வந்து நிற்கும்.

செல்வி முன்னால் வந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை.

“புறம்போக்கோடது மேடம்.”

மேடம் அப்படியே எழுதிக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னைச் சொல்லிவருகிற பேர், அன்றைக்கு அரசாங்க ரெக்கார்டிலேயே ஏறிவிட்டது.

கிளம்பும்போது மேடம், “மேல எழுதித்தான் அனுப்பணும். என்ன சொல்வாங்களோ தெரியாது. மறுபடி எதையும் தோண்டாதீங்க” என்றார். அன்றிலிருந்து ஏதாவது ஜீப் திருப்பத்தில் திரும்பினால் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிடுகிறேன். நேற்று ஒரு ஜீப் நின்றது. வழி கேட்டு நிறுத்தியிருக்கிறார்கள். இளையாத்தங்குடிக்கு வழி கேட்டவர்களுக்குப் பதட்டத்தில் நான் என்ன வழி சொன்னேனோ, இன்னும் எங்கே சுற்றுகிறார்களோ!

சனிக்கிழமை புங்கையில் இலையெல்லாம் தொங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாதி கொட்டிவிட்டது. ரெண்டு கேன் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். மண் அப்படியே குடித்துவிட்டு, இன்னும் கொடு என்கிறது. மீனாக்கா ஜன்னல் சாத்தியே இருந்தது. உள்ளே எண்ணெய் கொதிக்கிறது, மணகோலம் வாசம் வருகிறது, குரல் மட்டும் வரவில்லை. ரெண்டு தடவை இருமிப் பார்த்தேன். ம்ஹூம்.

திங்கட்கிழமை ரெண்டு மணிக்குப் போனேன். இலை ஒன்றும் மிச்சமில்லை. வெறும் குச்சி. குச்சியில் லேபிள் மட்டும் ஆடுகிறது. சரி, முடிந்தது என்று குனிந்தேன்.

அடிமண் ஈரமாக இருந்தது. நான் இன்னும் கேனையே திறக்கவில்லையே? கையை வைத்துப் பார்த்தேன். வெள்ளையாக ஒட்டியது. நாலஞ்சு பச்சரிசி மணியும் கூடவே ஒட்டியது. நகத்தால் குச்சியை லேசாகச் சுரண்டினேன். உள்ளே பச்சை.

எதிரே அடுப்படி ஜன்னல் திறந்தது.

“அடேய் புறம்போக்கு! மொட்டை வெயில்ல நின்னு மண்ணை நோண்டிக்கிட்டுக் கெடக்காத. பக்கெட்டு ரெண்டும் நெறஞ்சு நிக்குது, வந்து தூக்கிட்டுப் போய் மத்ததுகளுக்கும் ஊத்து. ஒன்னைய நம்பிச் சாமி கும்புட்டவளுக்கு இடுப்பு வலி வேற.”

தெருவில் என்னைத் ‘தம்பி’ என்று கூப்பிட ஒரே ஒரு ஆள் இருந்தார். இப்போது அதுவும் இல்லை. பரவாயில்லை... புறம்போக்குக்குத் தண்ணீர் ஊற்ற யாருக்கும் பட்டா தேவையில்லையே!